அப்பாவின் மஞ்சள் டைரக்டரியை இணைய விளம்பரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? (பாண்டி – கடலூர்)

முதலியார்பேட்டை_மஞ்சள்பக்கம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத் தொழில் வணிக டைரக்டரி. பாண்டிச்சேரி, கடலூர் இரண்டு ஊருக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரு புத்தகம், அப்பா தொண்ணூறுகளில் ஆரம்பித்தது. எஸ்.டி.டி. பூத், லாட்ஜ் ரிசப்ஷன், டாக்டர் கிளினிக் பெஞ்சு என்று ஒரு காலத்தில் எங்கே போனாலும் எங்கள் மஞ்சள் அட்டை கிடக்கும். பெயரும் முகவரியும் எண்ணும் இலவசமாகப் போடுவோம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் ஒரு தொகை, அதற்கு மேலே பெட்டி விளம்பரம், கால் பக்கம், அரைப் பக்கம், பின் அட்டை. புத்தகத்துக்கு விலை கிடையாது, வருமானம் முழுக்க விளம்பரம்தான்.

கொரோனா வருடத்தில் அச்சு நின்றது. அப்புறம் ஒரே ஒரு பதிப்பு போட்டோம், பழைய கனத்தில் பாதி கூட இல்லை. போன வருடம் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் ஒரு மர அலமாரி, அதில் இழுப்பறை இழுப்பறையாகக் கார்டுகள். கடைக்கு ஒரு கார்டு, தெருவாரியாக அடுக்கியது. முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர், அந்தப் பக்கம் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர். முன்பக்கம் கடைப் பெயர், என்ன சரக்கு, எண். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் "மாலை 5க்கு மேல் போகவும்", "இப்போது மகன் பார்க்கிறார்", "வெள்ளி விடுமுறை" என்று குறிப்புகள். அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முந்தைய பத்து நாள் வீட்டில் வேறு வேலையே நடக்காது. அப்பா, அம்மா, நான், கடை கடையாகப் போய் விளம்பரம் பிடிக்கிற கேன்வாஸர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு போனில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுப் பார்ப்போம். எடுத்தால் கார்டில் சிவப்புப் பேனாவால் டிக். எடுக்காவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை. மூன்று தடவை எடுக்கவில்லையென்றால் கேன்வாஸர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பழைய எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்து பாண்டியில் ஏழு இலக்கமும் கடலூரில் ஆறு இலக்கமும் ஆன வருடம் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. கார்டு கார்டாக அந்த 2-ஐ எழுதியது நான்தான்.

இப்போது என் குழப்பம். ஒரு சாஃப்ட்வேர்காரர் நாலு லட்சம் கொடுத்தால் எங்கள் பெயரில் ஆப் செய்து தருகிறேன் என்கிறார். இன்னொருவர், ஆப் எல்லாம் வேண்டாம், கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் கடைகளுக்கு விளம்பரம் ஓட்டிக் கொடுத்து கமிஷன் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அப்பாவுக்குப் புத்தகத்தை நிறுத்த மனசு இல்லை. கேன்வாஸர்கள் இரண்டு பேருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது, ஒருவர் இருபது வருடமாக எங்களோடு இருக்கிறார், அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் லேப்டாப்போடு உட்காருவது எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் புதுப்பிக்கப் போனால் கடைக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இப்ப யாரும்மா புஸ்தகத்தைப் பாக்குறாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இப்போது இருக்கிறவர்கள், விளம்பரம் கொடுக்கிற கடைக்காரர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பழைய_கேன்வாஸர் எழுதியது:

நான் சென்னையில் ஒரு டைரக்டரிக்குப் பன்னிரண்டு வருடம் கேன்வாஸராக அலைந்தவன், இப்போது கடலூர் முதுநகரில் இருக்கிறேன். முதலில் ஆப் விஷயம். செய்யாதீர்கள். பைப் உடைந்து சமையலறையில் தண்ணீர் ஓடுகிறபோது யாரும் ஒரு ஆப்பைத் தேடி இறக்கி, ஓ.டி.பி. போட்டு, பிளம்பரைத் தேடமாட்டார்கள். கையில் ஏற்கெனவே திறந்திருக்கிற மேப்பில் தேடுவார்கள், இல்லை தெரு வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். அந்த நாலு லட்சம் ஒரு வருடத்தில் கரைந்துவிடும், அப்புறம் பராமரிப்புக்கு வருடா வருடம் கேட்பார்கள்.

வெளிநாட்டில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். 1886-இல் சிகாகோவில் மஞ்சள் பக்கத்தை, அதாவது உங்களுடையது மாதிரி வணிக டைரக்டரியை, ஒரு தொழிலாக ஆக்கியவர் ரூபன் டொனெல்லி. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2009-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. வெரைஸன் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்த ஐடியார்க் என்ற டைரக்டரி நிறுவனமும் அதே வருடம் அதே வாசலில் நின்றது. இணையம் வந்ததால் புத்தகம் செத்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டின் தலையிலும் மலை அளவு கடன் இருந்தது. புத்தக வருமானம் என்றைக்கும் குறையாது என்று நம்பி வாங்கிய கடன். வருமானம் சரியும்போது வட்டி மட்டும் அப்படியே நிற்கும் இல்லையா, அதுதான் கழுத்தை நெரித்தது. பல கைமாறி, பல இணைப்புகளுக்குப் பிறகு அந்த இரண்டு நிறுவனங்களின் வழியில் வந்ததுதான் இன்றைய த்ரைவ். அவர்கள் இப்போது சின்னக் கடைகளுக்கு அப்பாயின்ட்மென்ட், பில், வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவது இதற்கெல்லாம் மாதச் சந்தாவில் மென்பொருள் விற்கிறார்கள். பிரிட்டனில் 1966-இல் பிரைட்டனில் தொடங்கிய யெல்லோ பேஜஸ் 2019 ஜனவரியில் அதே பிரைட்டனில் கடைசிப் புத்தகத்தைக் கொடுத்து அச்சை முடித்துக்கொண்டது.

நம் நாட்டிலேயே 1996-இல் மும்பையில் ஜஸ்ட்டயலைத் தொடங்கிய வி.எஸ்.எஸ். மணி அதற்கு முன் ஒரு யெல்லோ பேஜஸ் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவர்தான். கூப்பிட்டுக் கேட்டால் எண் சொல்வோம், அதுதான் ஆரம்பம். இணையதளம் எல்லாம் பிறகு வந்தது. புத்தகம் போனாலும் "யாரைக் கூப்பிடலாம்?" என்கிற கேள்வி போகவில்லை, அதைப் பிடித்துக்கொண்டார்.

உங்களிடம் கடன் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உங்கள் நிலைமை அந்தப் பெரிய கம்பெனிகளைவிட எவ்வளவோ மேல். அவசரப்பட வேண்டாம். ஆனால் புத்தகத்தை இந்த வருடத்தோடு நிறுத்திவிடுங்கள், அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பாதிக் கனத்தில் வருகிற புத்தகத்தைப் பார்க்கிற கடைக்காரருக்கு நீங்கள் இளைத்துப்போவது மட்டும்தான் தெரியும்.

ஹார்டுவேர்_கடை_திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

தங்கச்சி, நான் விளம்பரம் கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். லாரன்ஸ் ரோடு பக்கம் எங்கள் கடை, பெயின்ட், பைப், கதவு பிட்டிங்ஸ்.

மூன்று வருடத்துக்கு முன்பு கடைகளை இணையத்தில் பட்டியல் போடுகிற ஒரு லிஸ்டிங் கம்பெனியிலிருந்து பையன் வந்தான். நன்றாகப் பேசினான். மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினான். முதல் வாரமே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது, எனக்குச் சந்தோஷம். எடுத்துப் பேசினால் ஒருவர் அம்பத்தூரிலிருந்து ரெண்டு இன்ச் வால்வு கேட்கிறார், இன்னொருவர் மாடுலர் கிச்சன் செய்வீர்களா என்கிறார், இன்னொருவர் "உங்களுக்கு முன்னாடி நாலு கடையிலேருந்து எனக்குப் பேசிட்டாங்க சார்" என்று அலுத்துக்கொள்கிறார். ஒரே ஆள் விசாரித்ததை ஐந்து கடைக்கு விற்றிருக்கிறார்கள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தச் சொன்ன பிறகும் இரண்டு மாதம் பணம் போனது, வங்கிக்கு நடந்து நடந்துதான் நிறுத்தினேன். கையெழுத்து வாங்க வந்த பையனின் எண் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு விளம்பரத்தின் மேல் கோபம் இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, அதுதான் கோபம்.

இன்னொன்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூரில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கரன்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது, லேண்ட்லைன் பல நாள் செத்துக் கிடந்தது. எங்கள் கடையில் தகர ஷீட்டும் ஆணியும் கேட்டு வாசலில் கூட்டம். அந்த நேரத்தில் ஒரு டைரக்டரி கேன்வாஸர், உங்கள் ஆளா என்று எனக்குத் தெரியாது, மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்தார், வழியெல்லாம் மரம். "அண்ணே, லைன் எப்ப வரும்னு தெரியல, உங்க செல் நம்பரைக் குடுங்க, கேக்குறவங்களுக்கு நான் சொல்றேன்" என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனார். சட்டை முதுகு வரைக்கும் சேறு. அதற்குப் பிறகு அந்த டைரக்டரிக்குக் கால் பக்கம் கொடுக்க நான் ஒரு வருடமும் யோசித்ததில்லை. புத்தகத்தை யார் பார்க்கிறார்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன்தான், ஆனாலும் கொடுத்தேன்.

ஐம்பது வயது கேன்வாஸர் என்று கவலைப்படுகிறீர்களே, அவர்களை எங்கள் கடை வாசலுக்கு அனுப்புங்கள். லேப்டாப் வைத்திருக்கிறவன் தினம் ஒருவன் வருகிறான், எங்களுக்கு முகம் தெரிந்தவன் வருவதில்லை.

லாஸ்பேட்டை_விளம்பரம் எழுதியது:

நான் ஆறு வருடமாகப் பாண்டியில் சின்னக் கடைகளுக்கு இணைய விளம்பரம் செய்து கொடுக்கிறேன். கடைக்கார அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இனி வேலை விவரத்துக்கு வருகிறேன், சகோதரி.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது விளம்பரமே கிடையாது. கூகுள் மேப்பில் கடைகளின் பக்கத்தைச் சரிசெய்வது. கூகுள் மை பிசினஸ் என்று 2014-இல் வந்து, 2021-இல் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர் மாறியதே, அதுதான். அதற்குக் காசு கிடையாது. பக்கத்தில் தேடுகிறவருக்கு யாரை மேலே காட்டுவது என்பதற்கு மூன்று விஷயம் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை. அந்த வரிசையில் மேலே வரக் காசு வாங்குவதில்லை என்றும் சொல்கிறது. ஆகவே "முதல் இடம் வாங்கித் தருகிறேன்" என்று எந்தக் கடைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் கொடுத்துத்தான் என்னைப் போன்றவர்களின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தைக் கடைக்காரரின் மின்னஞ்சலில், அவர் கையிலிருக்கும் போனில், அவர் பெயரில் திறங்கள். நீங்கள் நிர்வாகியாக மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். நாளைக்கு உங்களோடு ஒத்துவராமல் போனாலும் பக்கம் அவரிடமே இருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். "பாண்டியில் சிறந்த பெயின்ட் கடை" என்று வாலை ஒட்டினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் நானே அப்படி ஒட்டி, ஒரு பேக்கரி அம்மாவின் பக்கம் தீபாவளி வாரத்தில் காணாமல் போனது. தவறு என்னுடையது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்துத்தான் கடையை உறுதிசெய்யச் சொல்கிறார்கள். தெரு தெரிய வேண்டும், பலகை தெரிய வேண்டும், ஷட்டரைத் திறப்பதோ கல்லாவுக்குள் போவதோ தெரிய வேண்டும், எல்லாம் ஒரே ஓட்டத்தில். இதை வீட்டிலிருந்து செய்ய முடியாது. கடை வாசலில் நின்று, "அண்ணே, ஷட்டரைக் கொஞ்சம் மேல தூக்குங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். உங்கள் கேன்வாஸர்கள் இரண்டு பேரும் செய்யப்போகிற வேலை இதுதான். ஒரு நல்ல போனும் ஒரு வாரப் பழக்கமும் போதும்.

அப்புறம்தான் விளம்பரம். அதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கூகுள் விளம்பரத்தில் இடம் தேர்ந்தெடுக்கும்போது, அந்த ஊரில் இருப்பவர்களுக்கா, அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் சேர்த்தா என்று ஓர் அமைப்பு இருக்கும். நாம் கை வைக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஓடும். பாண்டியில் ஆர்வம் காட்டாத சென்னைக்காரர், பெங்களூர்க்காரர் யார்? சனி ஞாயிறு வர நினைக்கிற அத்தனை பேரும் அதில் வருவார்கள். ஒயிட் டவுன் தங்கும் விடுதிக்கு அது தங்கம். மூலக்குளத்தில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவருக்கு அத்தனையும் வீண் செலவு. அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். அதே போல வட்டம் போட்டு இத்தனை கிலோமீட்டர் என்று கொடுத்தால், பாண்டி எல்லை எப்படி வளைந்து வளைந்து போகிறது என்று அந்த வட்டத்துக்குத் தெரியாது. ஆரோவில் பக்கம் பாண்டியின் 0413 எண்தான், ஆனால் தமிழ்நாடு. பாகூர் கடலூருக்குப் பக்கம், ஆனால் பாண்டி. பைக் ஷோரூமுக்கு விளம்பரம் ஓட்டினால் பி.ஒய். 01 (பாண்டி) வண்டிக்காரர், டி.என். 31 (கடலூர்) வண்டிக்காரர் இரண்டு பேருக்கும் விலையும் வரியும் வேறு. அந்த எல்லை உங்கள் கார்டு அலமாரியில் தெருவாரியாக அடுக்கியே இருக்கிறது.

ஒரு கேள்வி. பழைய பதிப்புகளின் தமிழ் எல்லாம் எந்த எழுத்துருவில் இருக்கிறது?

முதலியார்பேட்டை_மஞ்சள்பக்கம்:

அக்கா, அதைக் கேட்காமல் இருக்கமாட்டீர்களா என்று பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில். இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டுகிறது. ஒரு பக்கம் அப்படியே அச்சடித்து அப்பாவிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

கடலூர் ஐயாவுக்கு: கடன் இல்லை. அந்த விஷயத்தில் அப்பா கறார். அச்சகத்துக்குக்கூட பாக்கி வைத்ததில்லை.

ஹார்டுவேர் அண்ணா, தானே சமயத்தில் கடலூர் பக்கம் பார்த்தது எங்கள் மூத்த கேன்வாஸர்தான். உங்கள் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அந்தக் கடை மாடியில ஒரு நாய் இருக்கும்" என்றார். இருந்ததா?

ஹார்டுவேர்_கடை_திருப்பாதிரிப்புலியூர்:

இருந்தது தங்கச்சி. செத்து ஆறு வருடம் ஆகிறது. அவரை ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_விளம்பரம்:

பாமினியை, இப்போது எல்லா போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்க வருகிற யூனிகோடுக்கு மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, பெரும்பகுதி சரியாக வந்துவிடும். கொம்பும் காலும் இடம் மாறுகிற இடங்களை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தெருவாக எடுத்துச் செய்யுங்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் தொடாதீர்கள். கார்டில் இருக்கிற சொந்த செல் எண்களை இணையத்தில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், புத்தகத்தில் போடக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்கு எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை. வாட்ஸ்அப்பில் "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்தால் போதும்.

கணக்கர்_உப்பளம் எழுதியது:

வரி பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் விளம்பர இடம் விற்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டைரக்டரியும் அச்சுதானே என்று பலர் அதே கணக்கைப் போடுகிறார்கள். ஆனால் அச்சு ஊடகம் என்பதற்கான விளக்கத்தில் வணிக டைரக்டரி, மஞ்சள் பக்கம், வர்த்தகக் கேட்டலாக் மூன்றையும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். ஆகவே உங்களுக்குப் புத்தகத்திலும் 18, இணையத்திலும் 18. மாறுவதால் வரி கூடுகிறது என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பாண்டி கடைக்கு மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்து பில் போடுங்கள். கடலூர் கடைக்கு, நம் மாநிலக் குறியீடு 34, அவர்களுடையது 33, அதனால் மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. 18. முக்கியமாக, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிற விளம்பரப் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக் கட்டாதீர்கள். கடையின் சொந்தக் கணக்கில், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வரட்டும், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு அவர்களுக்கே நேராகப் போகும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகளுக்கு அந்த வரவு கிடைக்காது, அவர்களிடம் வரியோடு சேர்த்த விலையையே முதலில் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் பில் போடுங்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, உங்களுக்கு எவ்வளவு என்பது இரண்டு தனிக் காகிதத்தில் இருந்தால் சண்டையே வராது.

தட்டாஞ்சாவடி_ஆப்செட் எழுதியது:

கடலூர்க்காரர் புத்தகத்தை நிறுத்தச் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அச்சகம் நடத்துகிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்று நினைக்க வேண்டாம், நானே என் அச்சகத்தில் இரண்டு இயந்திரத்தை விற்றவன்.

எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் போடுவது முடிந்துபோன விஷயம், அது சரி. ஆனால் வீடு கட்டுகிற மேஸ்திரி, எலக்ட்ரீசியன், பிளம்பர் இவர்களைப் பாருங்கள். கை முழுக்கச் சிமென்ட், போனைத் தொட முடியாது. சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி அறுபது பக்கத்தில் கட்டுமானத்துக்கு மட்டும் ஒரு சின்னப் புத்தகம், செங்கல், எம்-சாண்ட், டைல்ஸ், வாட்டர் டேங்க், வாடகைக்குச் சென்ட்ரிங் சாமான், பாண்டியும் கடலூரும் சேர்த்து. ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் ஒரு கியூ.ஆர்., அடித்தால் நேரே அந்தக் கடையின் வாட்ஸ்அப். அதை ஹார்டுவேர் கடைக் கல்லாவில் வைத்தால் வாங்க வருகிறவனே எடுத்துக்கொண்டு போவான். இப்படி ஒன்று செய்து பாருங்கள். குறைந்த பிரதி போடுங்கள், தீர்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். முன்பு போல ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துக் கோடவுனில் அடுக்க வேண்டியதில்லை.

பழைய_கேன்வாஸர்:

சட்டைப்பைப் புத்தகத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் வேண்டாம் என்றது அந்த எல்லாமும் அடங்கிய குண்டுப் புத்தகத்தை. இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது, இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. மும்பையில் டாடா பிரஸ் மஞ்சள் பக்கம் போட்டபோது, தொலைபேசி வாடிக்கையாளர் பட்டியல் போடும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல். வழக்குப் போட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் டாடா பிரஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது, வணிக விளம்பரமும் அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமையில் சேரும் என்று. நாங்கள் சைக்கிளில் சுற்றிக் கேட்ட கால் பக்கத்துக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கு அது கட்டாயம் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

முதலியார்பேட்டை_மஞ்சள்பக்கம் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஆப்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லாரன்ஸ் ரோட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். கார்டுகளை ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டுக்கொண்டு மூத்த கேன்வாஸரும் நானும் கடை கடையாகப் போனோம். ஒரு கையில் கார்டு, ஒரு கையில் மேப். பல இடத்தில் இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கார்டுதான் பழசு என்று நான் நினைத்தது தப்பு. இம்பீரியல் ரோட்டுக்கு மாறிப்போன ஒரு கண்ணாடிக் கடை மேப்பில் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கார்டின் பின்பக்கத்திலோ அப்பா "மாறுகிறார், தை மாதம்" என்று எழுதியிருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே மோட்டார் காயில் கட்டுகிற ஒரு பெரியவர் இருக்கிறார், பலகை கிடையாது, மேப்பில் கிடையாது, எண் மட்டும் கார்டில் இருக்கிற அதே எண். நாங்கள் எதிரில் நின்றுகொண்டே கூப்பிட்டோம், அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். இப்போது அவருக்கு ஒரு சின்னப் பலகை எழுதுகிறோம், பலகை இல்லாமல் வீடியோ எடுத்தால் ஏற்கமாட்டார்கள் என்று லாஸ்பேட்டை அக்கா சொன்னார்.

கட்டணத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பக்கத்தைத் திறந்து சரிசெய்து கொடுக்க ஒரு தொகை. அப்புறம் மாதாமாதம் எண், நேரம், படம் சரிபார்த்து, வந்த விமர்சனங்களுக்குக் கடைக்காரரைக் கேட்டுப் பதில் எழுதிக் கொடுக்க ஒரு சின்னத் தொகை. கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் விளம்பரம் ஓட்டுகிறேன், பணம் அவர்கள் வங்கி கார்டிலிருந்து. வங்கியில் தானாகப் பிடிக்கிற படிவம் யாரிடமும் வாங்கவில்லை. கேன்வாஸர் நேரில் போய் வாங்கிவருகிறார், அன்றைக்கே அதுவரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று ஒரு தாளில் காட்டுகிறார். "இப்ப யாரு பாக்குறாங்க" என்கிற கேள்விக்கு அந்தத் தாளைத்தான் நீட்டுகிறோம்.

ஹார்டுவேர் அண்ணா, உங்கள் கடையில் கொடுத்த டீக்கு நன்றி. அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அப்பாவுக்கு இணையம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் தெருப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். காலையில் பத்து மணிக்கு மேல் போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறார். சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது என்று நேற்று ஒரு டஜன் வாங்கிவரச் சொன்னார். 1995 தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன், அந்த நாள் செய்தித்தாளை எங்கேயோ வைத்திருப்பதாகச் சொல்லி அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

சட்டைப்பைப் புத்தகத்துக்குத் தட்டாஞ்சாவடி ஐயாவிடம் விலை கேட்டிருக்கிறேன். நாளைக்கு மஞ்சக்குப்பம், நேதாஜி ரோடு. அங்கே யாருக்காவது கடை இருந்தால் இங்கே எழுதுங்கள், உங்கள் கார்டு எங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறோம்.